நாற்பத்துமூன்று பூசணிக்காய்களில் எது முதல்

இதை எனக்குச் சொன்னவர் பேராசிரியர் அங்கமுத்து, வயது எழுபத்தொன்று, சேலம் அஸ்தம்பட்டி. சொன்ன நாள் சென்ற புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை. இடம் ஈரோடு செல்லும் பேருந்தில் ஓட்டுநருக்குப் பின்னால் மூன்றாவது இருக்கை. சங்ககிரி தாண்டும்வரை சொன்னார். ஒலிப்பதிவு இல்லை, பயணச்சீட்டின் பின்புறத்திலும் அது போதாமல் ஒரு மருந்துக்கடை உறையிலும் குறித்துக்கொண்டேன். பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் மறுபடி சொல்லச் சொல்லி ஒப்பிட்டேன். இரண்டாம் சொல்லலில் ஒரு தேநீர் குறைந்தது, ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி நின்றிருந்தது, மற்றவை மாறவில்லை. நடந்தது முந்திய நாள் வியாழன் பிற்பகல், மூன்று பத்துக்கும் நான்குக்கும் இடையில். அந்த ஐம்பது நிமிடத்தில் அவர் வாய் திறந்து பேசியது பத்து வாக்கியத்தைத் தாண்டாது. ஆகவே கீழே வருவதில் பெரும்பகுதி அவர் மனத்துக்குள் ஓடியது. அதற்கு வேறு சாட்சி கிடையாது. அவர் சொல்லை நம்பியே எழுதுகிறேன்.

“பட்டியல், நாற்பத்துமூன்று உருப்படிகள்” என்றது கணினி. அதைச் சொன்னது பெண்குரலா ஆண்குரலா என்று அங்கமுத்துவால் தீர்மானிக்க முடியவில்லை, கேட்பதையே தொழிலாகக்கொண்டு நாற்பது ஆண்டு கழித்தவருக்கு அது ஒரு மானக்குறைவாகப் பட்டது, எந்தக் குரலையும் இரண்டு வாக்கியம் கேட்டால் ஊரைச் சொல்லிவிடுவார், நான்கு வாக்கியம் கேட்டால் பல் எத்தனை மிச்சமிருக்கிறது என்று சொல்லிவிடுவார், இந்தக் குரலுக்கோ ஊருமில்லை பல்லுமில்லை. கணினிக்கு முன்னால் இன்னாசிமுத்து உட்கார்ந்திருந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். வங்கியொன்றில் முப்பத்திரண்டு ஆண்டு தொலைபேசி இணைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அங்கமுத்து நடத்தும் இந்த வாய்மொழிக் கதை ஆவணகத்தின் கேசட்டுகளை எல்லாம் காதால் வாங்கி எழுத்தாக்கியவர் அவர் ஒருவரே. திரையில் உள்ளதை வாய்விட்டுப் படித்துக்காட்டும் அந்த ஸ்கிரீன் ரீடரை அவர் தனியாக இருக்கும்போது ஓட்டுகிற வேகத்தில் கேட்டால் எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல்தான் மற்றவர்களுக்கு இருக்கும், இன்று பார்வையுள்ளவர்கள் மேல் இரக்கப்பட்டு வேகத்தை இறக்கி, ஹெட்போனையும் கழற்றி வைத்திருந்தார். மேசையில் ஒரு கடிதம். ஆவணகத்தின் இணையதளத்துக்கு உதவிய அறக்கட்டளையின் நிபந்தனை அது: பார்வையற்ற ஒருவர் யார் துணையுமின்றித் தளத்தைத் தொடக்கம் முதல் இறுதிவரை பயன்படுத்தி, இயன்றது என்றோ இயலவில்லை என்றோ எழுதிக் கையெழுத்திட வேண்டும், இன்று நான்கு மணிக்குள் அனுப்ப வேண்டும். கடிதம் போகாவிட்டால் தளம் திறக்காது. ஆனால் அங்கமுத்துவை உறுத்தியது கடிதமில்லை, புத்தகம். பதினேழு ஆண்டுக்கு முன் ‘பூசணி மாப்பிள்ளை: நாற்பத்துமூன்று வடிவங்கள்’ என்ற தடித்த நூல் வந்தபோது முதற்படியை மேடையில் வைத்து இன்னாசிமுத்துவுக்குக் கொடுத்து, பொன்னாடையும் போர்த்தி, கைதட்டலும் வாங்கியாயிற்று, ஆறு மாதம் கழித்து நூல் எப்படி என்று கேட்டதற்கு அவர், நல்ல கனமுங்க ஐயா, மாடிக் கதவு காத்துல அடிக்காம இருக்க அதைத்தான் முட்டுக்கொடுத்திருக்கேன் என்று மகிழ்ச்சியோடு சொன்னார். அந்தக் கதவு இன்றுவரை அடிக்கவில்லை. நாற்பத்துமூன்றையும் ஒவ்வொன்றாகத் தட்டச்சிட்ட மனிதர் நாற்பத்துமூன்றையும் சேர்த்து ஒருமுறைகூடப் படித்ததில்லை என்பது அங்கமுத்துவுக்கு அந்தக் கதவைப் பற்றிக் கேட்ட பிறகுதான் உறைத்தது, உறைத்தும் பதினேழு ஆண்டாயிற்று.

தளத்தைக் கட்டியவர் நஸீமா, செவ்வாய்ப்பேட்டை, தனியாகத் தொழில் செய்கிறவர், எதிர் நாற்காலியில் மடிக்கணினியோடு உட்கார்ந்து நகம் கடிக்காமலிருக்க முயன்றுகொண்டிருந்தார். அவர் மேல் குற்றமில்லை, குற்றமே இல்லை என்று அங்கமுத்து தமக்குத் தாமே இரண்டுமுறை சொல்லிக்கொண்டார், இரண்டுமுறை சொல்லவேண்டியிருந்ததிலிருந்து குற்றம் யாருடையது என்பது விளங்கத் தொடங்கியது, ஆகவே வேறொன்றை நினைத்தார். பூசணிக்கொடி எவ்வளவு அழகு. திரை முழுவதும் ஒரு கொடி வட்டமாகப் படர்ந்து மெல்லச் சுழலும், அதில் நாற்பத்துமூன்று காய்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், மவுஸை ஒன்றின் மேல் கொண்டுபோனால் அது லேசாகத் தும்மும், அழுத்தினால் இரண்டாகப் பிளந்து உள்ளிருந்து கதை சொன்னவரின் குரல் வரும். மாமனாருக்குப் பயந்து பூசணிக்காய்க்குள் ஒளிந்துகொண்ட மாப்பிள்ளையின் கதைக்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று எந்த நாட்டில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, பக்கத்தைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் காய்கள் இடம் மாறியிருக்கும். எது மேலே எது கீழே என்பது யாருக்கும் தெரியாது. அதை வேண்டும் என்று கேட்டவர் அங்கமுத்து. கேட்டது மட்டுமில்லை, முதன்முறை சுழன்றபோது எழுந்து நின்று கைதட்டினார், நாற்பது ஆண்டாக எழுதியும் பேசியும் வந்த ஒரே கருத்து, வாய்மொழியில் முதல் வடிவம் என்று ஒன்றில்லை என்ற கருத்து, கண்முன்னே காயும் கொடியுமாகச் சுழல்வதைப் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார். பார்க்க என்றுதான் சொன்னார். அந்தச் சொல் இப்போது நாற்காலியின் உடைந்த பிளாஸ்டிக் விளிம்பைப்போல் தொடையின் பின்புறம் குத்தியது.

ஒன்பது நாளுக்கு முன் நடந்த முதற்சோதனையை நினைக்கக்கூடாது என்று முடிவுசெய்திருந்ததால் அதையே நினைத்தார். இன்னாசிமுத்துவுக்கு மவுஸ் கிடையாது. டேப் விசையை ஒருமுறை தட்டினால் அடுத்த பொருள், இன்னொருமுறை தட்டினால் அதற்கடுத்தது, அதுதான் அவருடைய நடை. தட்டினார். பெயரிடப்படாத பொத்தான் என்றது கணினி. தட்டினார். பெயரிடப்படாத பொத்தான். மூன்றாவதில் நிறுத்தியிருக்கலாம், நிறுத்துவார் என்று நஸீமாவும் எதிர்பார்த்தார், ஆனால் தொலைபேசி இணைப்பாளராக இருந்தவர் மறுமுனை பேசி முடிக்காமல் இணைப்பைத் துண்டிக்க மாட்டார், நாற்பத்துமூன்று பெயரிடப்படாத பொத்தான்களையும் முகம் கோணாமல் கேட்டார். நடுவே பின்னணியில் மழைச் சத்தம் வேறு, பூசணித் தோட்டத்தில் மழை பெய்தால் நன்றாயிருக்கும் என்று சேர்த்தது, அந்த மழை கணினியின் குரலை நனைத்துக் கரைத்துக்கொண்டிருந்தது, மழையை நிறுத்தும் பொத்தானும் பெயரிடப்படாதது. கடைசியில் அவர் கையைத் துடைத்துக்கொண்டு, மாப்பிள்ளை ரொம்ப நல்லா ஒளிஞ்சிருக்காருங்க என்றார். நஸீமா சிரிக்கவில்லை. அன்று மாலையே உட்கார்ந்து ஒவ்வொரு காய்க்கும் பெயர் வைத்தார், சொன்னவர் யார், எந்த ஊர், எவ்வளவு நேரம் என்று. மழை தானாகப் பெய்யாதபடி செய்தார். கொடி சுற்றுவதை நிறுத்த ஒரு விசை வைத்தார். மஞ்சள் காய் மேல் வெள்ளை எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று யாரோ சொன்னதற்கு அதையும் மாற்றினார். கொடியும் இருக்கும், கண் உள்ளவர்களுக்கு அது சுற்றும். அதே காய்கள் கண் இல்லாதவர்களுக்குப் பட்டியலாக வரும். இரண்டு பேருக்கும் ஒரே வீடு, இரண்டு வாசல், என்று விளக்கினார். அங்கமுத்து தலையாட்டினார். அதில் ஓர் ஆபத்து ஒளிந்திருப்பது அப்போது தெரியவில்லை. பட்டியல் என்றால் வரிசை.

இன்று மூன்றேகாலுக்கு அது வெளியே வந்தது. இன்னாசிமுத்து ஒன்பதாவது கதையைப் பாதி கேட்டு, அடையாளம் வைத்து, பக்கத்தை மூடி, மறுபடி திறந்து, ஒன்பதாவதற்குப் போனார். அங்கே வேறு யாரோ பேசிக்கொண்டிருந்தார். மறுபடி மூடித் திறந்தார். ஒன்பதாவதில் இன்னும் ஒருவர். கண்ணால் பார்ப்பவருக்குக் காய்கள் இடம் மாறுவது விளையாட்டு, நிறத்தை வைத்துத் தேடிக்கொள்வார். எண்ணி எண்ணிப் போகிறவருக்கு அது, தினமும் காலையில் வீட்டுக்குள் அறைகளை மாற்றிவைப்பது போல. நஸீமா மடிக்கணினியிலிருந்து தலையைத் தூக்கி, இது அரை நிமிட வேலை என்றார், பட்டியல் மட்டும் இடம் மாறாமல் நிறுத்திவிடலாம், கொடி சுற்றட்டும். எது ஒன்றாவது, எது இரண்டாவது என்று சார் சொன்னால் போதும். அங்கமுத்து, வட்டமாகவே விட முடியாதா, கடைசிக்கு அடுத்து மறுபடி தொடங்குவது போல, என்று கேட்டார். “அப்படியே வெச்சுடலாம் சார். ஆனா நுழையறதுக்கு ஒரு எடம் வேணும்ல? உங்க கொள்கைக்கு ஒரு நம்பர் குடுங்க, மீதிய நான் பாத்துக்கறேன்” என்றார் அந்தப் பெண், மரியாதையாகத்தான், ஆனால் இரவெல்லாம் பூசணிக்காய்க்குப் பெயர் வைத்தவரின் மரியாதை அது. மணி மூன்று இருபது. தேநீர் வந்தது. இன்னாசிமுத்து காத்திருந்தார், விசையின் மேல் ஒரு விரல், காத்திருப்பதில் அவரைப்போல் ஒருவரை அங்கமுத்து பார்த்ததில்லை.

நம்பர். அகரவரிசை, அதில் யார் என்ன சொல்ல முடியும், அகராதிக்குக் கட்சி கிடையாது. எதன் அகரவரிசை. பதிவுசெய்தவர் பெயரால் அடுக்கினால் அங்கமுத்து முதலில் வருகிறார், தம் பெயரைத் தாமே தலையில் தூக்கிவைத்துக்கொண்ட கதை தமிழகத்தின் எல்லா நாட்டார் வழக்காற்றியல் துறைகளிலும் ஒரே வாரத்தில் நாற்பத்துமூன்று வடிவங்களில் பரவும், அதைப் பதிவுசெய்ய ஆய்வு மாணவர்களும் கிளம்புவார்கள். ஊரின் பெயரால் அடுக்கினால் அரூர். அரூர் வேண்டாம். ஏன் வேண்டாம் என்பதை மனம் சொல்லவில்லை, அரூர் என்றதும் நாக்கு தேநீரில் சுட்டது, அவ்வளவே. சொன்னவர் பெயர், அதில் முதலில் வருபவர் அய்யந்துரை, தாரமங்கலம் வழித்தடத்தில் நடத்துநராக இருந்தவர், அவர் சொன்ன வடிவம் முழுவதும் இது: மாப்பிள்ளை பூசணிக்காய்க்குள்ளே போனான், சாம்பார் ஆச்சு, டிக்கெட் டிக்கெட். ஓர் ஆவணகத்தின் வாசலில் அதை நிறுத்த முடியுமா, முடியும், கொள்கைப்படி முடியும், எல்லா வடிவமும் சமம் என்று நூறு மேடையில் சொன்னவர் நீர்தானே, என்றது மனம், சமம்தான் ஆனால் வாசலில் வேண்டாம் என்றது அதே மனம். நீளத்தால் அடுக்கினால் மேட்டூர் உபரிநீர்க் கரையில் கிடைத்த இரண்டு மணி நேர வடிவம், சொன்னவர் அன்று நிதானத்தில் இல்லை, மாப்பிள்ளை எந்தக் காய்க்குள் இருக்கிறான் என்பதை நடுவில் அவரே மறந்துவிட்டார். வயதால் அடுக்கலாமா, மாவட்டத்தால், மழை பெய்த நாளால். ஒவ்வொரு வரிசையும் ஒரு கோயில் திருவிழாப்போல, யாருக்கு முதலில் பரிவட்டம் கட்டுவது என்பதில்தான் வெட்டுக்குத்து, தேர் அப்புறம். எல்லாருக்கும் சமமான பந்தியில்கூட ஒருவனுக்கு முதல் இலை விழுகிறது, இலை போடுகிறவன் எங்கேயாவது தொடங்கத்தானே வேண்டும், அவன் கை எந்தப் பக்கம் நீள்கிறது என்பதை எல்லாரும் பார்க்காததுபோல் பார்க்கிறார்கள். மின்விசிறி கடக் கடக்கென்றது. நியாயமான வரிசை ஒன்றுதான் இருக்கிறது என்பது அவருக்கு இந்த நேரமெல்லாம் தெரியும், கேட்ட தேதி வரிசை, எந்த ஆய்வாளரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வது, அதைச் சுற்றித்தான் இத்தனை நேரம் வலம் வந்துகொண்டிருக்கிறார், உள்ளே போகாமல். தேதி வரிசையில் முதல் வடிவம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து மூன்று, ஜூன் மூன்று. அரூர். பதிவுசெய்தவர் திருவேங்கடம். இரண்டாவது, அதே ஜூன், பதினான்கு, ஓமலூர், பதிவுசெய்தவர் அங்கமுத்து.

பதினோரு நாள். அம்மை போட்டிருந்தது. துறைக்கு இருந்தது ஒரே ஒரு டேப் ரிக்கார்டர், அதை எடுத்துப்போக ஒரு பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும், மே மாதக் கடைசியில் அங்கமுத்துவின் முறை, கையெழுத்தும் போட்டாயிற்று, மறுநாள் காலையில் முகத்தில் கொப்புளம். வேப்பிலை கட்டிய வாசலுக்குள் பாயில் படுத்துக்கொண்டு, உடலெல்லாம் நமைச்சல், நமைச்சலை வேப்பங்கொழுந்தால் தடவிக்கொண்டு, சன்னல் வழியே, துறையில் உடன் ஆய்வுசெய்த திருவேங்கடத்திடம் சொன்னார், அரூர்ப் பக்கம் ஏதோ பூசணிக்காய்க் கதை இருக்கிறதாம் மாமா, போய்ப் பார்க்கவேண்டும் என்று. மாமா என்றுதான் அழைத்துக்கொள்வார்கள் அப்போது, உறவில்லை, விடுதி வழக்கம். திருவேங்கடம் வாசலுக்கு அப்பாலேயே நின்று உடம்பைப் பார்த்துக்கொள் என்றார், ரிக்கார்டரை எடுத்துக்கொண்டு அரூருக்குப் போனார். திருட்டு என்று சொல்ல முடியாது. முறை தவறியவனின் முறை அடுத்தவனுக்குப் போவது பதிவேட்டிலேயே எழுதியிருந்த விதி. தண்ணீர் ஊற்றி எழுந்து, தழும்பு ஆறாத முகத்தோடு ஓமலூருக்குப் போய் அங்கமுத்து பதிவுசெய்தது நல்ல வடிவம், அரூரைவிட நல்லது, அதில் மணப்பெண் அரிவாள்மனையை எடுக்கும்போது காய்க்குள் தும்மல் கேட்கிறது, அவள் அரிவாள்மனையைச் சாய்த்துவைத்துவிட்டுக் காயை உறியில் ஏற்றுகிறாள், அவ்வளவுதான், திருமணம்கூட இல்லை, அந்த உறியைப்போல் ஒன்று உலகக் கதைகளிலேயே கிடையாது. ஆனால் மறு ஆண்டு மதுரைக் கருத்தரங்கில் திருவேங்கடம் எழுந்து, இந்தக் கதையை முதலில் பதிவுசெய்தது நான் என்று சொன்னார், உண்மையைத்தான் சொன்னார், அங்கமுத்துவுக்குக் கன்னத்துத் தழும்புகள் எல்லாம் ஒன்றாக நமைத்தன, எழுந்தார், என்ன சொல்லப்போகிறோம் என்று தெரியாமலே வாயைத் திறந்தார். வாய்மொழியில் முதல் என்று ஒன்றில்லை. அரங்கம் கைதட்டியது. தலைமை தாங்கியவர் அதை எழுதிக்கொண்டார். அடுத்த மாதம் ஒருவர் மேற்கோள் காட்டினார். பிறகு அதை விளக்கிக் கட்டுரை எழுத வேண்டியதாயிற்று, எழுத எழுத அது உண்மையும் ஆயிற்று, அதில்தான் வேடிக்கை, பொய்யாக இருந்திருந்தால் எப்போதோ விட்டிருக்கலாம். பதினான்கு கட்டுரை, மூன்று நூல், ஒரு பட்டம், ஓர் ஆவணகம், ஒரு சுழலும் கொடி, எல்லாம் எதன் மேல் நிற்கின்றன என்று இப்போதுதான், மூன்று முப்பத்தைந்துக்கு, ஆறிய தேநீரோடு, எட்டிப் பார்க்கிறார். கொள்கையா நமைச்சலா. இரண்டும் என்று சொல்லலாம், ஓர் ஆய்வாளர் அப்படித்தான் சொல்ல வேண்டும், எந்த வடிவத்தையும் தள்ளக்கூடாது. அவர் கன்னத்தைச் சொறிந்தார்.

இறந்தபின் என்ன ஆகும் என்பது அடுத்து வந்தது, அது எப்போதும் நான்கு மணிக்குச் சற்று முன்புதான் வரும். இரங்கல் கட்டுரை எழுதுகிறவன் தளத்தைத் திறப்பான், பட்டியலில் ஒன்று, திருவேங்கடம், இரண்டு, அங்கமுத்து என்று காலமெல்லாம் ஊரில்லாத அந்தக் குரல் சொல்லிக்கொண்டிருக்கும், களைப்பே இல்லாமல், கேட்கிற எல்லாரிடமும். கண்ணால் பார்க்கிறவர்களுக்குக் கொடி சுற்றும், அவர்களுக்குத் தெரியாது. கண் இல்லாதவர்களுக்கு மட்டும் தெரியும். இது அநியாயமா, அல்லது இதுதான் சரியா என்று அவர் திகைத்தார். இன்னொரு வழியும் மின்னியது, வெட்கத்தோடு அதைச் சற்றுநேரம் கையில் வைத்துப் பார்த்தார். வரிசையே வேண்டாம், இடம் மாறினால் மாறட்டும், இன்னாசி நல்ல மனிதர், கேட்டுக்கொண்டால் இயன்றது என்று எழுதிவிடுவார், கேட்கக்கூட வேண்டியதில்லை, கொஞ்சம் பெருமூச்சு விட்டால் போதும், இருபத்தாறு ஆண்டுப் பழக்கம், பெருமூச்சின் எழுத்துப்படிகூட அவரால் எழுத முடியும். பெருமூச்சு விட்டார். விடவில்லை என்று பிறகு என்னிடம் சாதித்தார். இரண்டாம் சொல்லலில் விட்டதாக ஒப்புக்கொண்டார்.

இன்னாசிமுத்து முகத்தைத் திருப்பினார், சரியாக அங்கமுத்துவின் வாய் இருக்கும் திசைக்கு. “ஐயா, ஒண்ணு கேக்கலாங்களா. கொடி சுத்துது, ஒரே நேரத்துல அத்தனையும் தெரியுதுன்னு நஸீமாம்மா சொல்லுச்சு. கண்ணுக்கு அப்படிங்க போல. காதுக்கு அது முடியாதுங்களே. ஒருத்தர் சொல்லி முடிச்சாத்தான் இன்னொருத்தர். நீங்க ஊர் ஊராப் போயி கேட்டப்பவும் ஒருத்தர் முடிச்ச பொறவுதானுங்களே அடுத்தவரு சொன்னாரு?” என்றார். குத்திக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார். நஸீமா மடிக்கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டார். அங்கமுத்துவுக்கு ஓர் இணைப்பு எங்கோ நெடுந்தொலைவில் கிளிக்கென்று பொருந்திய ஓசை கேட்டது. வாயால் சொன்னதைக் காதால் கேட்டுக் காதால் எழுதி வைத்த சரக்கு முழுவதையும் கொண்டுபோய்க் கண்ணுக்கு மட்டும் தோரணமாகக் கட்டியிருக்கிறோம் என்பது தெரிந்தது. நாற்பத்துமூன்று பேரும் ஒரே நேரத்தில் வட்டமாக நின்று சொன்னதாக எந்த ஊரில் பார்த்தார். கூட்டத்தில் இரண்டு பேர் ஒன்றாகத் தொடங்கினால் ஒருவரை இருங்க என்று கையமர்த்துவது யார், அவரேதானே. ஓமலூரிலேயே அப்படி ஒருத்தி வாயை அடக்கியிருக்கிறார், அவள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள், அவளுடைய வடிவம் கிடைக்கவேயில்லை. மூன்று நாற்பத்திரண்டு. இனி நினைக்க ஒன்றும் மிச்சமில்லை என்பது அவருக்குப் பெரும் ஏமாற்றமாக இருந்தது, இன்னும் கொஞ்சம் நினைத்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை.

“கேட்ட தேதி வரிசையில போடும்மா” என்றார். அவர் எதிர்பார்த்ததைவிடச் சிறிய குரலில் அது வந்தது. நஸீமா ஏதோ தட்டினார்; உண்மையிலேயே அரை நிமிடம்தான் ஆயிற்று, அதுதான் அங்கமுத்துவுக்குப் பொறுக்கவில்லை, நாற்பது ஆண்டுக்கு அரை நிமிடம். கொடி எதுவும் தெரியாததுபோல் சுற்றிக்கொண்டிருந்தது. இன்னாசிமுத்து விசையைத் தட்டினார். “பட்டியல், நாற்பத்துமூன்று உருப்படிகள். ஒன்று. சொன்னவர் முனியம்மா, அரூர். பதிவு திருவேங்கடம்” என்றது கணினி. அந்தப் பெயரை அது எல்லாப் பெயரையும் போலவே சொன்னது, மேலேயும் வைக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை, வெற்றிலை பாக்கு என்று சொல்வதுபோல் சொன்னது. அங்கமுத்து காத்திருந்தார். நமைச்சல் எதுவும் வரவில்லை. இன்னாசிமுத்து அடுத்ததற்குப் போகாமல் அங்கேயே நுழைந்தார், முனியம்மாவின் குரல் ஐம்பது ஆடுகளின் பின்னணியோடு வந்தது, மாமனாருக்கு மீசை இருந்ததா இல்லையா என்பதில் அவள் தன் மருமகளோடு போடுகிற சண்டை, இன்னாசிமுத்து பற்கள் தெரியச் சிரித்தார், இதைத் தட்டச்சிட்ட நாளில் சிரிக்க நேரமில்லை, ஒவ்வொரு சொல்லையும் மூன்று முறை ஓட்ட வேண்டியிருந்தது. பக்கத்தை மூடினார். திறந்தார். ஒன்றாவதற்குப் போனார். முனியம்மா அங்கேயே இருந்தாள். மறுபடி மூடித் திறந்தார், அவள் போகவில்லை. பிறகு இரண்டாவதற்குப் போனார், கணினி தம் பெயரைச் சொல்லும்போது அங்கமுத்து எழுந்து சன்னலருகே சென்று நின்றுகொண்டார், ஓமலூர் உறி ஏறிக்கொண்டிருந்தது, அதைக் கேட்டபடியே இன்னாசிமுத்து கடிதத்தின் விளிம்பைத் தடவிக் கண்டுபிடித்து, எழுதும் இடம் காட்டும் துளையட்டையை வைத்து, இயன்றது என்று எழுதிக் கையெழுத்திட்டார். மணி மூன்று ஐம்பத்தாறு.

அங்கமுத்து சொன்னது இத்துடன் முடிகிறது. நஸீமா சொல்லும் வடிவத்தில் பேராசிரியர் தேதி வரிசை என்ற சொல்லை வாயால் சொல்லவே இல்லை. தேநீர் தம்ளரைக் கழுவி வருவதாக எழுந்துபோனார், இருபது நிமிடம் கழுவினார், திரும்பி வருவதற்குள் தாமே தேதியால் அடுக்கிவிட்டதாகவும், அவர் பார்த்துவிட்டு நல்லது என்றதாகவும் சொல்கிறார். இன்னாசிமுத்துவின் வடிவத்தில் வரிசை என்ற சிக்கலே பெரிதில்லை. மழைச் சத்தத்தை நிறுத்தியதுதான் திருப்பம். தாம் கேள்வி கேட்டதாக அவருக்கு நினைவில்லை, ஐயாவின் பெருமூச்சு மட்டும் நன்றாக நினைவிருக்கிறது, அதன் நீளத்தையும் சொன்னார். தருமபுரியில் திருவேங்கடத்தைக் கண்டு கேட்டேன். தளம் திறந்த மூன்றாம் நாள் தாம் அங்கமுத்துவைத் தொலைபேசியில் அழைத்ததாக அவர் சொல்கிறார்; முதல் வடிவம் என்று ஒன்றில்லை என்பதை மதுரையில் கேட்ட அன்று இரவே தாம் ஏற்றுக்கொண்டுவிட்டதாகவும், முப்பது ஆண்டு வகுப்பில் அதைத்தான் பாடமாக நடத்தியதாகவும், இந்த வயதில் தம்மை முதலில் போட்டு மாணவர்கள் முன் அவமானப்படுத்தலாமா என்று கேட்டதாகவும் இவருடைய வடிவம் போகிறது. அங்கமுத்து மாமா என்று அழைத்து மன்னிப்புக் கேட்டாராம். பிறகு வேறு எந்த இடம் வேண்டும் என்றாராம். கடைசியில் போடு என்றிருக்கிறார் திருவேங்கடம், கேட்டு முடித்தவன் காதில் தங்குவது அதுதான். இதை அங்கமுத்து மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை. பட்டியல் இன்றுவரை மாறவில்லை. இன்னாசிமுத்து நாளுக்கு ஒன்றாகக் கேட்டுவருகிறார். இதை எழுதும் இன்று பதினேழாவதில் இருக்கிறார்.